கருப்புக் கோட்டும் உன் அக்கா புடவையும்

அன்புள்ள மல்லிகா,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்கு மதுரையிலேயே வேலை அமைந்ததைப் படித்து மனசு நிறைந்துவிட்டது. அம்மாவுக்கு முழங்கால் வலி இப்போது பரவாயில்லையா?

இங்கே நியூ ஜெர்சியில் நான் ஓய்வு பெற்று ஆறு மாதம் ஆகிறது. ஆபீசுக்குப் போட்ட கோட்டு, பேன்ட், சட்டை எல்லாம் அலமாரியில் அப்படியே தொங்கிக்கொண்டிருந்தன. போன மாதம் அவற்றை எடுத்துப் பிரித்து, வேலை தேடும் பெண்களுக்கு உடை கொடுக்கிற டிரெஸ் ஃபார் சக்சஸ் என்ற அமைப்புக்குக் கொண்டுபோனேன். 1997-இல் நியூயார்க்கில் சட்டம் படித்துக்கொண்டிருந்த நான்சி லப்ளின் என்ற பெண், கொள்ளுத்தாத்தா விட்டுப்போன 5,000 டாலரை வைத்து, ஹார்லெம் பக்கத்துக் கன்னியாஸ்திரீகள் மூன்று பேரைத் துணைக்குச் சேர்த்துக்கொண்டு தொடங்கியது. அதற்கு முந்தைய வருஷம்தான், அரசு உதவித்தொகை வாங்குகிறவர்கள் இரண்டு வருஷத்துக்குள் ஏதாவது வேலைக்குப் போயாக வேண்டும் என்று இங்கே சட்டம் வந்திருந்தது. சரி, எதை உடுத்திக்கொண்டு போவது? சம்பளம் வந்தால்தான் நல்ல துணி வாங்க முடியும், நல்ல துணி இருந்தால்தான் இண்டர்வியூவுக்கே போக முடியும்.

அடி வாங்கி வீட்டைவிட்டு வந்தவர்கள், சிறையிலிருந்து வெளியே வந்தவர்கள், தங்க இடமில்லாதவர்கள் என்று பலரையும் அவர்களுக்கு உதவுகிற அமைப்புகளே இங்கே அனுப்பிவைக்கின்றன. முதலில் இண்டர்வியூவுக்கு ஒரு செட். வேலை கிடைத்துவிட்டால் மறுபடி வந்து, மாற்றி மாற்றிப் போட இன்னும் சில உடைகள் எடுத்துக்கொள்ளலாம். இந்த இரண்டாம் முறைதான் எனக்கு ரொம்பப் பிடித்தது, ஏனென்றால் வேலையில் சேர்ந்த முதல் மாதம் கையில் காசு இருக்காது என்பது நமக்குத் தெரியாததா?

அங்கே பையைப் பிரித்துப் பார்த்த பெண்மணி என்னிடம், "நாளைக்கு உங்களுக்கே இண்டர்வியூ என்றால் இதைப் போடுவீர்களா?" என்று கேட்டார். கழுத்தில் நிறம் மங்கிய சட்டைகள் இரண்டை நானே எடுத்து வைத்துவிட்டேன். கருப்புக் கோட்டில் அக்குள் பக்கம் உள்துணி பிரிந்திருந்தது. அதை வீட்டுக்குக் கொண்டுவந்து, கருப்பு நூலில் நெருக்கமாகத் தைத்து, பித்தானை இறுக்கி, இஸ்திரி போட்டு மறுவாரம் கொடுத்தேன். உள்துணி யாருக்கும் தெரியாதுதான், ஆனால் போடுகிறவளின் கை ஒவ்வொரு தடவையும் அந்தக் கிழிசலில் போய் மாட்டுமே. இல்லாதவளுக்கு இது போதும் என்று நாம் நினைத்தது அவளுக்கு அங்கேயே தெரிந்துவிடும்டி. பெரிய சைஸ் துணிகளும் நல்ல ஷூக்களும்தான் எப்போதும் போதாமல் இருக்கிறதாம், அடுத்து அதைத்தான் தோழிகளிடம் கேட்கப்போகிறேன்.

தைத்துக்கொண்டிருந்தபோது 1986 ஞாபகம் வந்துவிட்டது. வங்கி இண்டர்வியூவுக்கு உன் அக்காவின் அரக்கு நிறக் காட்டன் புடவையைக் கட்டிக்கொண்டு போனேனே, முந்தின ராத்திரி உன் அம்மா ப்ளவுஸின் பக்கத் தையலைப் பிரித்து, உள்ளே மடித்திருந்த துணியை விட்டு, என்னை நிற்கவைத்து அளவு பார்த்துத் தைத்துக் கொடுத்தார்களே. பின் குத்திச் சமாளித்துக்கொள்கிறேன் என்றேன், கேட்கவே இல்லை.

அந்தப் புடவையை நான் திருப்பிக் கொடுத்தேனா? எவ்வளவு யோசித்தும் ஞாபகம் வரவில்லை. அம்மாவிடம் கேட்டு எழுது.

அன்புடன்,
சாரதா