பாசியை அடக்கும் செடிகள்

அன்புள்ள முரளி,

உன் கடிதம் கிடைத்தது. மகன் வேலைக்காக வெளியூர் போனபின் வீடு வெறிச்சோடிக் கிடக்கிறது என்று எழுதியிருந்தாய். இந்த நேரத்தில் நீ மீன் தொட்டி வைத்தது எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்குக் கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்து, இப்போது செய்தித்தாளைத் தானே படிக்கிறார்.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். செடிகள் வைத்தபின் தண்ணீரின் பச்சை நிறம் குறைந்ததே, செடி ஏதாவது மருந்து விடுகிறதா என்று கேட்டிருந்தாய். விடுகிறது. ஒரு தாவரம் வெளியிடும் ரசாயனம் இன்னொன்றைப் பாதிப்பதற்கு 1937-லேயே ஹான்ஸ் மோலிஷ் ‘அலெலோபதி’ என்று பெயர் வைத்துவிட்டார். தண்ணீருக்குள் வாழும் செடிக்கு இது உயிர்ப் பிரச்சினை. பாசி மேலே மிதந்தாலும் இலைமேல் படிந்தாலும், செடிக்கு வரவேண்டிய வெளிச்சம் போய்விடுகிறதே.

இதில் அதிகம் ஆராயப்பட்டது மிரியோஃபில்லம் ஸ்பைகேட்டம் என்ற செடி. அது டெல்லிமாகிராண்டின் என்ற டானின் வகைப் பொருளைத் தண்ணீரில் கசியவிடுவதை ஜெர்மனியில் எலிசபெத் குரோஸும் அவருடன் வேலை செய்தவர்களும் 1996-ல் காட்டினார்கள். அந்தப் பொருள் இரண்டு இடங்களில் அடிக்கிறது. பாஸ்பேட் தட்டுப்பாடு வந்தால், கரிமப் பொருள்களில் சிக்கியிருக்கும் பாஸ்பேட்டை வெட்டி எடுக்கப் பாசி ஒரு நொதியை வெளியே அனுப்பும். இது அந்த நொதியை முடக்கிவிடுகிறது. ஒளிச்சேர்க்கையில் எலக்ட்ரான்கள் நகரும் பாதையையும் தடுக்கிறது. எனக்கு இதில் பெரிய வியப்பு அந்த நொதி விஷயம்தான். செல்லுக்குள் நுழையாமலே எதிரியைப் பட்டினி போட முடிகிறது, பார்!

ஜப்பானில் நகாய் குழுவினர் 2000-ல் அதே செடியிலிருந்து கேலிக் அமிலம், பைரோகேலிக் அமிலம், எல்லாஜிக் அமிலம், கேட்டிகின் ஆகிய நான்கும் வெளியாவதைக் கண்டார்கள். நான்கும் சேரும்போது மைக்ரோசிஸ்டிஸ் என்ற நீலப்பச்சைப் பாசியின் வளர்ச்சியை, தனித்தனியாக இருப்பதைவிடப் பலமாகத் தடுத்தன. பொதுவாக நீலப்பச்சைப் பாசிகள்தான் இதற்குச் சீக்கிரம் அடங்குகின்றன. இலைமேலேயே ஒட்டி வாழும் பாசிகள் அவ்வளவாக அசைவதில்லை, பழகிப்போயிருக்கும் போல. செடி போலவே வளரும் கேரா என்ற பெரிய பாசி, மற்றப் பாசிகளை அடக்கக் கந்தகச் சேர்மங்களை நம்புகிறது. கையில் கசக்கினால் அந்த வாடை குப்பென்று வரும்.

செடியை அரைத்துச் சாறு ஊற்றினால் போதாதா என்றும் கேட்டிருக்கிறாய். வேண்டாம். டானின் போன்ற இந்தப் பீனால் வகைப் பொருள்கள் ஆக்சிஜனோடு சேர்ந்து சீக்கிரமே உருமாறிவிடும், பாக்டீரியாவும் தின்றுவிடும். உயிரோடு வளர்கிற செடி கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொண்டே இருப்பதில்தான் பலன். சாறு ஊற்றினால் அது அழுகி, பாசிக்கே உரமாகும்.

ஆனாலும் உன் தொட்டி தெளிந்ததற்கு இது மட்டுமே காரணம் என்று நான் சொல்லமாட்டேன். செடி நைட்ரஜனையும் பாஸ்பரஸையும் உறிஞ்சுகிறது, நிழல் தருகிறது. ஏரியில் என்றால், பாசியைத் தின்னும் டாஃப்னியா என்ற சிற்றுயிருக்கு மீன்களிடமிருந்து ஒளிய இடமும் கொடுக்கிறது. நெதர்லாந்தின் வெலுவமேர் ஏரியில் 1990-களில் கேரா படர்ந்த பகுதிகளில் தண்ணீர் தெளிந்திருக்க, அதே ஏரியின் மற்ற பகுதிகள் கலங்கியே கிடந்தன. அங்கே ரசாயனத்தின் பங்கு எவ்வளவு, வண்டல் அடியில் தங்கியதன் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்வது கஷ்டம். ஆய்வகக் குடுவையில் தெளிவாகத் தெரிவது ஏரியில் இப்படிக் கலந்துதான் கிடைக்கிறது. அதனால்தான் இந்தத் துறை என்னை விடாமல் இழுக்கிறது.

தொட்டியில் செடியைக் கழித்துவிட்டால் அதைக் குளத்திலோ ஓடையிலோ மட்டும் போட்டுவிடாதே. வட அமெரிக்க ஏரிகளுக்கு வெளியிலிருந்து வந்த மிரியோஃபில்லம் அங்கே பெரும் தொல்லையாகிவிட்டது.

அப்புறம், உன் செடி எது என்றே எழுதவில்லையே. தண்டைச் சுற்றி நான்கு நான்காக இறகு போன்ற இலைகள் இருந்தால் மிரியோஃபில்லமாக இருக்கலாம். வேரே இல்லாமல், இலை கவை கவையாகப் பிரிந்து, தொட்டால் சொரசொரவென்று இருந்தால் செரட்டோஃபில்லம். பார்த்துவிட்டு எழுது. முடிந்தால் ஒரு படமும் அனுப்பு.

அன்புடன்,
கணேசன்