அந்தக் கிழட்டு வீரனைப் பற்றி, இயக்குநர் தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

திரைக்கதையைப் படித்துவிட்டேன். பழங்காலத்துப் போர்வீரன், வயதாகிவிட்டது, மறுபடியும் ஒரு போருக்குக் கூப்பிடுகிறார்கள். நல்ல கரு. ஆனால் முதல் பாதி முழுக்க அவனுக்கு முட்டி வலிக்கிறது, வாள் நழுவுகிறது, கவசத்துக்குள் தொப்பை நுழைய மறுக்கிறது. இரண்டு தடவை சிரிப்பார்கள், அப்புறம் பரிதாபம்தான் வரும்.

நிஜத்தில் நடந்ததைச் சொல்கிறேன். பழைய கிரேக்க நாட்டில் ஸ்பார்ட்டா என்ற நகர அரசின் அரசர் அகேசிலாவுஸ், எண்பதைத் தாண்டிய வயதில், கி.மு. 360 வாக்கில் கூலிப்படையோடு எகிப்துக்குப் போனார். கி.மு. 371-இல் லியூக்ட்ரா போரில் தோற்றதிலிருந்து ஸ்பார்ட்டா நொடித்துப்போயிருந்தது, காசு வேண்டும். மாவீரரைப் பார்க்க எகிப்தியர்கள் கடற்கரைக்கு ஓடிவந்தார்கள். வந்து பார்த்தால், முரட்டுத் துணியைப் போர்த்திக்கொண்டு குள்ளமாக ஒரு கிழவர் புல்லில் படுத்திருக்கிறார். மலையைக் கெல்லி எலியைப் பிடித்த கதையாகிவிட்டதே என்று கூட்டம் சிரித்தது. அவரோ காணிக்கையில் மாவையும் கன்றுகளையும் வாத்துகளையும் எடுத்துக்கொண்டு, இனிப்பையும் வாசனைத் தைலத்தையும் ஒதுக்கிவிட்டார். வற்புறுத்தியபோது, தன் அடிமைகளுக்குக் கொடுக்கச் சொன்னாராம். பழைய கிரேக்க எழுத்தாளர் புளூடார்க் எழுதி வைத்திருக்கிறார்.

கூட்டம் மனதில் வைத்திருந்த வீரன் ஒருவன், புல்லில் கிடப்பவன் இன்னொருவன். சிரிப்பு அங்கேதான் பிறக்கிறது.

அவருக்கு ஒரு கால் ஊனம். அதைப் பற்றிய முதல் கேலியை அவரே செய்துவிடுவாராம். உன் படத்தில் கேலியெல்லாம் மற்றவர்கள் வாயில்தான் இருக்கிறது. பாதியையாவது உன் நாயகனுக்குக் கொடு.

அவன் கெட்டிக்காரனாகவும் இருக்க வேண்டும். எனக்கு இதுதான் முக்கியம். அதே எகிப்தில் எதிரிகள் நகரைச் சுற்றி அகழி வெட்டி வளைத்தார்கள். உள்ளே சாப்பாடு இல்லை. கிழவர் துணைக்கு நின்ற எகிப்து அரசன் நெக்டனெபோ பதறுகிறான், எகிப்தியர்கள் துரோகி என்று ஏசுகிறார்கள், கிழவர் அசையவில்லை. அகழியின் இரு முனைகளும் கிட்டத்தட்ட முட்டும்வரை காத்திருந்து, மிச்சமிருந்த அந்த இடைவெளி வழியாகப் படையை இறக்கினார். எதிரிகள் எத்தனை பேர் இருந்து என்ன, அவர்கள் வெட்டிய அகழியே கிழவரின் படையைச் சுற்றி வளைக்கவிடாமல் அவர்களைத் தடுத்துவிட்டது. என்ன அருமையான காட்சி இது! முன்னால் கிழவன் படுத்திருக்கிறான், பின்னால் அகழி நீண்டுகொண்டே போகிறது. வசனமே வேண்டாம்.

உன் கடைசிச் சண்டையில் அவன் திடீரென்று இளைஞனாகிப் பத்துப் பேரை வெட்டுகிறானே, அதை எடுத்துவிட்டு இப்படி ஏதாவது யோசி. அடுத்த வரைவு தயாரானதும் அனுப்பு, உட்கார்ந்து பேசுவோம்.

அன்புடன்,
அண்ணன்