போன ஞாயிறு கேட்ட இருமல்

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் சௌக்கியம். போன ஞாயிறு பேசும்போது பாப்பா இருமினாள். டிவி சத்தம் என்று சொல்லி போனை வைத்துவிட்டாய். அதற்கப்புறம் எடுக்கவே இல்லை. வேலை இருக்கும், சரி.

காலையில் ஜன்னலைத் திறக்காதே. நம் வீட்டுப் பழக்கத்தில் விடிந்ததும் திறந்துவிடுவாய், எனக்குத் தெரியும். இங்கே மத்தியானம் கடல்காற்று வந்து புகையைத் தள்ளிக்கொண்டு போகும். டெல்லியில் கடல் ஏது? மழைக்காலம் முடிந்து காற்று வடமேற்கிலிருந்து வீச ஆரம்பித்ததும், பஞ்சாபிலும் ஹரியானாவிலும் நெல் அறுத்த தாளைக் கொளுத்துகிற புகை அங்கே வந்து சேர்கிறது. அப்புறம் குளிர். தரையோடு குளிர்ந்த காற்று, அதன்மேல் சூடான காற்று, பானைக்கு மூடி போட்ட மாதிரி. வண்டிப் புகை, குப்பைப் புகை எல்லாம் அதற்குள்ளேயே கிடக்கிறது. வெயில் ஏறினால்தான் மூடி கொஞ்சம் விலகும். பாப்பாவை வெளியே கூட்டிப்போவதானால் அப்போது போ. காலையில் வேண்டாம், ஜன்னலும் வேண்டாம்.

இந்த வயதில் டெல்லியில் சொந்த வீடு, நம் வம்சத்தில் யார் வாங்கினார்கள்? மயூர் விகார் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்கிறேன். ஆனால் காஸிப்பூர் குப்பை மலை பக்கத்திலேயே இருக்கிறதே என்று கிரகப்பிரவேசத்தன்று கேட்டதற்கு, இரண்டு நாள் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை நீ. போன வருஷம் எதிர்வீட்டுப் பையன் தினமும் போனில் உங்கள் பக்கத்துக் காற்று எவ்வளவு கெட்டிருக்கிறது என்கிற எண்ணைக் காட்டுவான். ஆனந்த் விகார், உங்களுக்குப் பக்கம்தானே, 400ஐத் தாண்டும். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்காது.

உன்னைக் கேட்க எனக்கு யோக்கியதை இல்லை தம்பி. மூன்றாம் வகுப்பில் உனக்கு வீசிங் வந்தது. கொடியில் காய்ந்த உன் வெள்ளைச் சட்டையை உதறினால் காற்றில் வந்து படிந்த தூள் கருப்பாகக் கொட்டும். பையனைத் தெற்கே எங்காவது கூட்டிப்போங்கள் என்றார் டாக்டர். தாம்பரத்துச் சித்தி மாடி அறையைத் தருகிறேன் என்றாள். அப்பாவுக்கு ஷிப்டு, போக முடியாது என்று எல்லோரிடமும் சொன்னேன். அது பொய். தங்கை வீட்டு மாடியில் போய் இருப்பதா என்கிற ரோஷம் எனக்கு. ஆறு வருஷம் நீ ராத்திரியில் தலையணையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தபடியே தூங்கினாய். ஐஸ் தின்றதால் வந்தது என்று உன்னையே திட்டினேன்.

தீபாவளிக்கு வரும்போது பாப்பாவை விட்டுவிட்டுப் போ. மாசியில் நானே கொண்டுவந்து விடுகிறேன். நம் வீட்டில் இல்லை, இங்கேயும் மார்கழிக் காலையில் புகைதான், போகிக்கு டயர் வேறு கொளுத்துவார்கள். நேற்று சித்திக்குப் போன் பண்ணி அந்த மாடி அறையை நானே கேட்டேன். வெள்ளையடிக்க ஆள் சொல்லியிருக்கிறாள்.

அம்மா