குளிர்காலக் காசு: யாழ்ப்பாணத்து நண்பனுக்கு ஒரு கடிதம்

அன்பின் மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி குறைந்து திரும்பவும் சைக்கிள் ஓடுகிறாய் என்று வாசித்தபோது பெரிய சந்தோசம். எங்கள் பாடு பரவாயில்லை. கடையை மகனிடம் கொடுத்துவிட்டாலும் விடியப்புறம் பேப்பர்க் கட்டுப் பிரிக்க இன்னமும் நான்தான் போகிறேன். மனுசிக்கு இழுப்பு இருப்பதால் கார்த்திகை பிறந்தால் வீட்டில் ஹீற்றரை நிற்பாட்ட முடியாது. பில் வரும்போது வயிற்றைக் கலக்கும், ஆனாலும் எங்களால் கட்ட முடிகிறது.

"அங்கே பிரித்தானியாவில் குளிருக்கு அரசாங்கமே காசு தருகிறதாமே, பிறகு என்ன கவலை?" என்று கேட்டிருந்தாய். தருகிறது, உண்மைதான். அது யார் கைக்குப் போய்ச் சேருகிறது, யாருக்குச் சேராமல் போகிறது என்பதைக் கடைக் கவுண்டருக்குப் பின்னால் நின்று இத்தனை வருடம் பார்த்திருக்கிறேன். அதனால் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன், பொறுத்துக்கொள்.

இங்கே பெரும்பாலான வீடுகளுக்கு காஸ் பொயிலர்தான் சூடு தருவது. வீடுகளோ பழசு, ஏற்றிய சூடு சுவராலும் கூரையாலும் வெளியே போய்விடும். 2021 ஐப்பசியில் ஒரு சராசரி வீட்டின் வருட காஸ், மின்சார பில்லுக்கு இருந்த உச்சவரம்பு 1,277 பவுண். அடுத்த மாசியில் ரஷ்யா உக்ரைனுக்குள் புகுந்தது. அந்த வருட ஐப்பசிக்கு அதே பில் 3,549 பவுண் என்று அறிவித்தார்கள்! பிறகு அரசாங்கம் தலையிட்டு 2,500இல் நிறுத்திப் பிடித்தது. அதோடு வீட்டுக்கு 400 பவுண், ஆறு மாதங்களுக்குப் பிரித்துக் கொடுத்தார்கள். வங்கிக் கணக்கால் மாதாமாதம் கட்டுகிறவர்களுக்கு அந்தக் காசு தானாகவே வந்து சேர்ந்தது. அவர்கள் ஒன்றுமே செய்யத் தேவையிருக்கவில்லை.

எங்கள் கடைக்கு வருகிறவர்கள் வேறு மாதிரி. முதலே காசு ஏற்றிப் பாவிக்கிற மீற்றர்தான் அவர்கள் வீட்டில். காஸுக்கு ஒரு கார்ட், மின்சாரத்துக்கு ஒரு சாவி. அவற்றைக் கொண்டுவந்து ஐந்து பவுண், பத்துப் பவுண் என்று ஏற்றிக்கொண்டு போவார்கள். ஏற்றிய காசு முடிந்தால் வீடு குளிர்ந்துவிடும். சூடு போடாமல் இருந்தாலும் தினசரி நிலையான கட்டணம் என்று ஒன்று கடனாக ஏறிக்கொண்டே இருக்கும். அடுத்த முறை ஏற்றும் ஐந்து பவுணில் ஒரு பகுதியை அந்தப் பழைய கடனே விழுங்கிவிடும். இங்கே மிகவும் கஷ்டப்பட்ட ஆட்கள் இவர்கள்தான். பழைய மீற்றர் வைத்திருந்த இவர்களுக்கு அந்த 400 பவுண் வவுச்சராக வந்தது. சிலருக்குத் தபாலில், சிலருக்குப் போனில். அதைக் கடைக்குக் கொண்டுவந்து, அடையாள அட்டை காட்டி மாற்ற வேண்டும். மூன்று மாதத்தில் காலாவதி. வீடு மாறியவருக்குப் பழைய விலாசத்துக்குப் போய்விடும். ஆங்கிலம் வாசிக்கத் தெரியாத அம்மா அதை விளம்பரக் கடுதாசி என்று நினைத்துக் குப்பையில் போட்டுவிடுவார். காலாவதியான வவுச்சரை நீட்டியவர்களிடம் "இது இனிச் செல்லாது" என்று நானே சொல்ல வேண்டியிருந்தது. அந்த முகங்களை இன்றைக்கும் மறக்க முடியவில்லை. வசதி உள்ளவனுக்கு உதவி வீடு தேடிப் போகிறது, இல்லாதவன் அதைத் தேடிப் போக வேண்டியிருக்கிறது. இது நியாயமா, சொல்லு?

வயோதிபர்களின் கதையும் அப்படித்தான். 1997இல் கோர்டன் பிரவுண் நிதியமைச்சராக இருந்தபோது தொடங்கிய குளிர்கால எரிபொருள் கொடுப்பனவு இருக்கிறது. இப்போது வீட்டுக்கு 200 பவுண், 80 வயது நிரம்பியவர் இருந்தால் 300. பென்சன் எடுக்கும் எல்லோருக்கும் கேளாமலே வங்கிக்கு வந்துகொண்டிருந்தது. 2024 ஆடியில் அப்போது புதிதாக வந்த நிதியமைச்சர் ரேச்சல் ரீவ்ஸ் அதை வெட்டினார். பென்சன் கிரெடிட் போன்ற வறியோர் உதவி எடுப்பவர்களுக்கு மட்டும்தான் இனி என்றார்கள். ஏறத்தாழ ஒரு கோடிப் பேருக்கு அந்த மாரியில் காசு வரவில்லை.

இதில் ஒரு கணக்கைப் பார். அந்த வருடம் தனி ஆளின் வாராந்த வருமானம் 218.15 பவுணுக்குக் குறைவாக இருந்தால்தான் சாதாரணமாகப் பென்சன் கிரெடிட். புதிய முறையில் முழுப் பென்சனோ 221.20 பவுண். கிழமைக்கு மூன்று பவுண் கூட இருந்த குற்றத்துக்கு 200 பவுண் போனது. வேறு பலருக்குக் கிரெடிட் எடுக்கத் தகுதி இருந்தது, விண்ணப்பித்திருக்கவில்லை. நாடு முழுக்க இலட்சக்கணக்கில் அப்படி ஆட்கள். எங்கள் சனத்தில் இது இன்னும் கூட, மச்சான். பிள்ளைகள் கூப்பிட்டு ஐம்பது வயதுக்குப் பிறகு வந்த அம்மாமாருக்கு இங்கே வேலை செய்த வருடங்கள் இல்லை, பென்சனும் சொற்பம். அந்த விண்ணப்பத்தில் 200க்கும் மேற்பட்ட கேள்விகள். சேமிப்பு எவ்வளவு, வீட்டில் யார் யார், ஊரில் காணி இருக்கிறதா என்று போகும். சனிக்கிழமைகளில் நூலகத்தில் இருந்து அதை நிரப்பிக் கொடுக்கிறேன். "பிச்சை கேட்கிற மாதிரி இருக்கு தம்பி" என்று பாதியிலே எழும்பிப் போன அக்காவும் உண்டு. பிறகு அவவின் வீட்டுக்குப் போய்க் கதைத்து, மிச்சத்தை அங்கேயே நிரப்பினோம்.

எதிர்ப்பு கூடியதால் 2025 ஆனியில் திருப்பிக் கொடுப்பதாக அறிவித்தார்கள். இப்போது எல்லோருக்கும் போகிறது. ஆண்டு வருமானம் 35,000 பவுணுக்கு மேலே உள்ளவர்களிடம் வரி வழியாகத் திரும்ப எடுக்கிறார்கள். எனக்கும் மனுசிக்கும் ஆளுக்கு 100 வந்தது. பணக்காரனுக்கு ஏன் கொடுக்க வேண்டும் என்று நீ கேட்பாய், தெரியும். முதலில் கொடு, பிறகு உள்ளவனிடம் எடு. உள்ளவன் கணக்காளரை வைத்துத் தன் கடுதாசியைப் பார்த்துக்கொள்வான். இல்லாதவனிடம் கடுதாசியைக் கொடுத்து "நீ ஏழை என்று நிரூபி" என்று சொன்னால் பாதிப் பேர் குளிருக்குள்ளேயே இருந்துவிடுவார்கள். இதை எத்தனை மேடையிலும் சொல்வேன்.

இன்னொன்று, உனக்கு ஆச்சரியமாக இருக்கும். காஸ் குழாய் போகாத கிராமங்களில் மண்ணெண்ணெயால்தான் வீட்டைச் சூடாக்குகிறார்கள். வட அயர்லாந்தில் பாதிக்கு மேற்பட்ட வீடுகள் எண்ணெயில்தான். அதற்கு விலை உச்சவரம்பும் இல்லை. பல இடங்களில் குறைந்தது 500 லீற்றர் வாங்கினால்தான் பவுசர் வரும். கையில் அவ்வளவு காசு இல்லாதவர் என்ன செய்வார்? 2022இல் நீங்கள் மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நின்றதும், அந்த ஆவணியில் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாயாக ஏறியபோது கரையோரத்துச் சனம் கடலுக்குப் போக முடியாமல் இருந்ததும் எனக்கு நினைவு வந்தது.

சூடு வெளியே போகாமல் வீட்டுச் சுவருக்குக் காப்புப் போட்டுக் கொடுத்தால் உதவியே குறைவாகத் தேவைப்படும். அதையும் செய்தார்கள். ஆனால் அந்தத் திட்டங்களில் வெளிச்சுவருக்குக் காப்புப் போட்ட வீடுகளில் 98 வீதமானவற்றில் திருத்த வேண்டிய பிழை இருப்பதாக 2025 ஐப்பசியில் தேசிய தணிக்கை அலுவலகமே சொன்னது. வாசித்து மனம் வெறுத்துப் போனேன்.

அப்புறம், அங்கே வறிய குடும்பங்களுக்கு அரசாங்கம் கொடுக்கும் அஸ்வெசும உதவிக்கான விண்ணப்பங்களோடு நீ கிராம சேவகர் அலுவலகத்துக்கு அலைவதாக எழுதியிருந்தாய். விடாமல் செய் மச்சான். மேன்முறையீட்டுக் கடிதம் எழுதும்போது பிரதி ஒன்று எடுத்து, ஒப்படைத்த திகதிக்கு முத்திரை குத்தி வாங்கு. இங்கே எனக்கு அதுதான் கைகொடுத்தது. உன் பக்கத்து வீட்டு விதவைப் பிள்ளையின் பெயர் இரண்டாம் பட்டியலில் வந்ததா? அடுத்த கடிதத்தில் அதை முதலில் எழுது.

அன்புடன்,
உன் பழைய கூட்டாளி