டிடெக்டர் பேசும்போது எதைக் கேட்பது

அன்புள்ள இனியா,

அமெரிக்காவில், அல்டூனாவில் தண்டவாளத்துக்கு இவ்வளவு பக்கத்தில் வீடு என்றால் ரயில் ரேடியோவைக் கேட்க ஸ்கேனர் (பல அலைவரிசைகளைத் தேடிக் கேட்கும் ரேடியோ) வாங்குவது நல்ல யோசனைதான். எந்த ஸ்கேனர் வாங்குவது, டிடெக்டர் (தண்டவாளத்தோரம் நின்று, கடக்கும் வண்டியில் குறை உண்டா என்று பார்த்து ரேடியோவில் சொல்லும் கருவி) பேசுவதை எப்படிப் புரிந்துகொள்வது என்று நீ ஃபோனில் கேட்டதற்கு எண்களோடு பதில் சொல்ல வேண்டும், அதனால் எழுதி அனுப்புகிறேன்.

யூனிடன் பிசி125ஏடி போன்ற சாதாரண அனலாக் ஸ்கேனரே போதும். டிடெக்டர்கள் இன்னும் பழைய எஃப்எம்மில்தான் பேசுகின்றன, டிஜிட்டல் மாடலுக்குக் காசைக் கொட்டாதே. மலிவு என்று பௌஃபெங் வாக்கி-டாக்கி மட்டும் வேண்டாம். கை தவறி பட்டனை அழுத்திவிட்டால் ரயில்காரர்களின் அலைவரிசையில் உன் குரல் போய்விழும்.

உன் வீட்டருகே போவது நார்ஃபோக் சதர்ன் ரயில் நிறுவனத்தின் பிட்ஸ்பர்க் லைன், அதற்கு 160.800 மெகாஹெர்ட்ஸ். முதல் வாரம் அது ஒன்றை மட்டும் போட்டு வை. இருபது சேனலைச் சுற்றவிட்டால், ஸ்கேனர் வேறெங்கோ மேய்ந்துகொண்டிருக்கும்போது டிடெக்டர் பேச ஆரம்பித்துவிடும். முதலில் சொல்லும் மைல்போஸ்ட் எண் (தடத்தில் அது நிற்கும் மைல்கல்) போய்விட்டால் மீதிச் செய்தியால் பெரிய பயன் இல்லை. ஸ்குவெல்ச்சை (யாரும் பேசாதபோது வரும் இரைச்சலை அடக்கும் திருகு) இரைச்சல் அடங்கும் இடம்வரை திருப்பினால் போதும். அதற்கு மேல் போனால் தூரத்து டிடெக்டர் துண்டுதுண்டாகக் கேட்கும், அல்லது கேட்கவே கேட்காது.

கூடவே வரும் ரப்பர் ஆன்டெனா எல்லா அலைவரிசைக்கும் பொதுவாகச் செய்தது. ஸ்கேனரில் பொருந்தும் பிஎன்சி முனை உள்ள இழுப்பு ஆன்டெனா ஒன்று வாங்கி, 45 செ.மீ. அளவுக்கு இழுத்து, நேர் நிமிர்த்தி வை. இந்த அலைவரிசைக்குக் கால் அலைநீளம் கிட்டத்தட்ட அவ்வளவுதான். சரியாக இருக்கிறதா என்று பார்க்க ரயிலுக்காகக் காத்திருக்க வேண்டாம். 162.400 முதல் 162.550 வரை உள்ள வானிலை வானொலி இரவு பகலாகப் பேசும். ஆன்டெனாவை ஜன்னலுக்கு ஜன்னல் மாற்றி அதை வைத்தே ஒப்பிட்டுப் பார். ஆனால் வானிலை நிலையம் மிகப் பக்கத்தில் இருந்தால் அதுவே ரயில் சேனலை அமுக்கிவிடும். அங்கே ஆன்டெனாவைக் குட்டையாக்குவதுதான் வழி. உன் ஊரில் பெரிய எதிரி மலை. மலையில் தடம் திரும்பும் ஹார்ஸ்ஷூ வளைவுக்கு அந்தப் பக்கத்து டிடெக்டர் கேட்கவில்லை என்றால் ஸ்கேனரைக் குறை சொல்லாதே.

இனி செய்தி. நிறுவனத்துக்கு நிறுவனம் வாசகம் மாறும். பொதுவாக நிறுவனப் பெயர், மைல்போஸ்ட், தடம், 'நோ டிஃபெக்ட்ஸ்', மொத்த ஆக்ஸில் (சக்கர அச்சு) எண்ணிக்கை, 'டிடெக்டர் அவுட்' என்று வரும். சிலது வேகமும் வெளி வெப்பமும் சொல்லும். குறை இருந்தால் மட்டுமே வாய் திறப்பவையும் உண்டு. எல்லாரும் 'நோ டிஃபெக்ட்ஸ்' வந்ததும் காதை எடுத்துவிடுகிறார்கள். நீ ஆக்ஸில் எண்ணைக் குறித்துக்கொள். 24 என்றால் பயணிகள் வண்டி: நான்கு ஆக்ஸில் இன்ஜின் ஒன்று, நான்கு நான்கு ஆக்ஸிலோடு பெட்டி ஐந்து. 412 என்றால் ஆறு ஆக்ஸில் இன்ஜின் இரண்டைக் கழித்து நான்கால் வகு, 100 வேகன். உன் மலையில் பின்னால் தள்ளும் ஹெல்பர் இன்ஜின்களும் உண்டு, அவற்றையும் கழிக்க மறக்காதே. கன்டெய்னர் வண்டியில் இந்தக் கணக்கு உதைக்கும். ஐந்து பகுதி கோத்த வேகனுக்கு 12 ஆக்ஸில்தான், பக்கத்துப் பகுதிகள் இரண்டும் ஒரே போகியில் (இரண்டு ஆக்ஸில் கொண்ட சக்கரச் சட்டம்) உட்கார்ந்திருக்கும்.

கடைசிச் சக்கரம் தாண்டிய பிறகுதான் இந்தச் செய்தி வரும். நூறு வேகன் வண்டி என்றால் அதற்குள் இன்ஜின் ஒரு மைலுக்கு மேல் போயிருக்கும். டிடெக்டர் கேட்டதும் கேமராவைத் தேடுகிறவர்களுக்கு வால் மட்டும் கிடைப்பது இதனால்தான். திசையையும் அது சொல்லாது. அடுத்த டிடெக்டர் எந்த மைல்போஸ்டில் பேசுகிறது என்று பார். பிட்ஸ்பர்க் லைனில் எண்கள் ஃபிலடெல்ஃபியாவிலிருந்து ஏறுகின்றன, எண் கூடினால் வண்டி மேற்கே போகிறது.

தண்டவாளத்தோரம் இருக்கும் அகச்சிவப்புக் கண்கள், கடந்து போகும் ஒவ்வொரு பேரிங்கின் (ஆக்ஸில் முனையைத் தாங்கிச் சுழலவிடும் உறுப்பு) சூட்டையும் பார்க்கும். தொங்கும் பிரேக் கம்பியைப் பிடிக்கத் தண்டவாளங்களுக்கு நடுவே தகடுகள் இருக்கும். பனிக்கட்டி தொங்கிக்கொண்டு போனாலும் தகடு அலறும். குறை என்றால் எந்தப் பக்கம், எத்தனையாவது ஆக்ஸில் என்று சொல்லும். 237 என்றால், முன்னால் இன்ஜினுக்கு 12 போக 225. நான்கால் வகுத்தால் 56, மீதி ஒன்று. ஆக 57-ஆவது வேகனின் முதல் ஆக்ஸில். ஓட்டுநரோடு வரும் கண்டக்டர் இறங்கி நடந்துபோய், குறிப்பிட்ட சூட்டில் உருகும் மெழுகுக் குச்சியை பேரிங்கில் தேய்த்துப் பார்ப்பார்.

ஆனால் 'குறை இல்லை' என்பதற்கு 'வரம்பைத் தாண்டவில்லை' என்பது மட்டுமே பொருள். 2023 பிப்ரவரி 3 அன்று ஒஹாயோ மாநிலத்தில் ஈஸ்ட் பாலஸ்தீனில் கவிழ்ந்த நார்ஃபோக் சதர்ன் வண்டியை எடுத்துக்கொள். அதற்கு முன் சீப்ரிங் என்ற ஊர் டிடெக்டரில் ஒரு பேரிங் வெளி வெப்பத்தைவிட 38 டிகிரி ஃபாரன்ஹீட் கூடுதல். சேலத்தில் (ஒஹாயோவிலும் ஒரு சேலம் உண்டு) 103. அந்த நிறுவனம் வண்டியை நிறுத்திப் பார்க்கச் சொன்ன வரம்பு 170, அதனால் ஓட்டுநருக்கு எச்சரிக்கை எதுவும் போகவில்லை. அடுத்த டிடெக்டர் சுமார் 20 மைல் தள்ளி. அங்கே 253. அலாரம் அடித்தபோது நேரம் கடந்துவிட்டது. ஒரே பேரிங் இடத்துக்கு இடம் ஏறிக்கொண்டே போவதை ரேடியோக் குரலிலிருந்து கண்டுபிடிக்க முடியாது, அதற்கு எல்லா அளவுகளையும் சேர்த்துப் பார்க்கும் அலுவலகம் வேண்டும். அதற்குப் பிறகு முக்கியத் தடங்களில் சராசரியாக 15 மைலுக்கு ஒரு டிடெக்டர் வைப்பதாக அமெரிக்க ரயில் நிறுவனங்கள் அறிவித்தன.

நியூயார்க் பக்கம் காரில் போனால் ஸ்கேனரை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போ. சில மாநிலங்களில் வண்டிக்குள் வைத்திருப்பதற்குத் தனிச் சட்டம் இருக்கிறது. பொங்கலுக்கு வரும்போதும் பெட்டியில் போடாதே, இங்கே இந்தியாவில் இதற்கு உரிமம் கேட்பார்கள். வரும்போது மைல்போஸ்டும் ஆக்ஸில் எண்ணும் குறித்த நோட்டை மட்டும் கொண்டுவா, உட்கார்ந்து கணக்குப் போடலாம்.

அன்புடன்,
அம்மா