கோர்லிட்ஸிலிருந்து அப்பாவுக்கு

கோர்லிட்ஸ்
ஜெர்மனி
18 ஜனவரி 2026

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம், நலமறிய ஆவல். தீபாவளிக்கு நீங்கள் எழுதிய கடிதத்துக்குப் பொங்கலும் முடிந்த பிறகு பதில் எழுதுகிறேன். வாரம் தவறாமல் போனில் பேசுகிறோமே என்று சாக்குச் சொல்லலாம். ஆனால் போனில் "சாப்பிட்டாயா", "அங்கே குளிரா" என்பதைத் தாண்டி நாம் எங்கே போகிறோம்? நாலு பக்கம் எழுதிக் கேட்டிருக்கிறீர்கள். வரிசையாகச் சொல்கிறேன்.

நீங்கள் பேப்பரில் படித்தது உண்மைதான். எங்கள் ஊர் ரயில்பெட்டித் தொழிற்சாலை டாங்கிக்காரர்கள் கைக்குப் போகிறது. 1849 முதல் பெட்டி செய்துவந்த இடம். நான் வந்த புதிதில் ஓர் இரண்டடுக்குப் பெட்டியின் முன்னால் நின்று படம் அனுப்பினேனே, அந்த வகைக்கு இந்த ஊர்தான் பெயர் போனது. போன வருடம் பிப்ரவரியில் சான்சலர் முன்னிலையில் ஒப்பந்தம் கையெழுத்தானது. இனி லெப்பர்ட் டாங்கிக்கும் பூமா, பாக்ஸர் கவச வண்டிகளுக்கும் பாகங்கள் செய்வார்கள். ஆவடி டாங்கி ஃபாக்டரியில் வேலை பார்த்த நீங்கள், "டாங்கி வேண்டாம் என்று ஆவடியை விட்டு ஓடினாய், அது உன்னைத் தேடி வந்துவிட்டது பார்" என்று எழுதியிருந்தீர்கள். பஸ்ஸில் படித்துவிட்டுச் சத்தமாகச் சிரித்ததில் எதிர் சீட்டுப் பெண் இடம் மாறி உட்கார்ந்தாள்.

ஆனால் உங்கள் சந்தோஷத்தில் கொஞ்சம் தண்ணீர் ஊற்ற வேண்டியிருக்கிறது. அங்கே இருந்தவர்கள் ஏறக்குறைய 700 பேர். புதியவர்கள் எடுத்துக்கொள்வதாகச் சொன்னது 350 முதல் 400 பேரை. டாங்கிக்கு இப்போது பணம் கொட்டுகிறது. இந்த நாட்டில் அரசாங்கம் இஷ்டத்துக்குக் கடன் வாங்க முடியாதபடி அரசியல் சட்டத்திலேயே ஒரு பூட்டு உண்டு. 2025 மார்ச்சில் ராணுவத்துக்கு அதைத் தளர்த்திவிட்டார்கள்: நாட்டின் மொத்த உற்பத்தியில் ஒரு சதவீதத்தைத் தாண்டிச் செலவாகும் ராணுவப் பணத்துக்கு அந்த வரம்பு கிடையாது. அவ்வளவு பணம் வந்தும் பழைய ஆட்களில் பாதிப் பேருக்குத்தான் இடம். பெட்டிக்குச் சீட்டு, ஜன்னல், கதவு, வயர் என்று சுற்றி இருக்கிற சின்னப் பட்டறைகள் எத்தனையோ பிழைத்தன. எங்கள் கம்பெனி கட்டும் வயர்க் கற்றையை டாங்கிக்காரர்கள் கேட்கவில்லை. அவர்களுக்கு வேறு ஊரில் பழகின ஆட்கள் இருக்கிறார்களாம்.

பதறாதீர்கள், இங்கே ஆளைத் தெருவில் விடுவதில்லை. ஆர்டர் குறைந்தால் வேலை நேரத்தைக் குறைத்துக்கொள்ளலாம். அதனால் போகும் சம்பளத்தில் 60 சதவீதத்தை வேலைவாய்ப்பு அலுவலகத்துப் பணத்திலிருந்து கொடுத்துவிடுகிறார்கள், பிள்ளை இருந்தால் 67. தர்மம் என்று நினைக்காதீர்கள், மாதாமாதம் சம்பளத்தில் பிடிக்கிற காப்பீட்டுப் பணம்தான். எங்கள் பட்டறையிலும் சிலரை அப்படி வைத்திருக்கிறார்கள். எனக்குப் பிள்ளை இல்லாததால் 60தான். அதாவது, என்னைப் போன்றவர்களுக்கு. இந்த ஏழு சதவீதத்தைப் பிடித்துக்கொண்டு அம்மா மறுபடி ஜாதகக் கட்டை எடுக்க வேண்டாம்.

மாடிவீட்டுக் கிழவியை நினைவிருக்கிறதா? என் ஷூவை வாசலில் நேராகத் திருப்பி வைத்துவிட்டுப் போகிறவர். வயது 83. அவர் முப்பது வருடம் அதே தொழிற்சாலையில் பெட்டிக்குப் பெயின்ட் அடித்தவர். 1990இல் இரண்டு ஜெர்மனியும் சேர்ந்ததும் ஊரில் பாதிப் பேர் வேலை இழந்து நின்றதைச் சொல்லிச் சொல்லி மாளவில்லை. வேலைவாய்ப்பு அலுவலக வரிசையில் தமக்கு முன்னால் நின்றவர் தமது மேஸ்திரியாம். அதைச் சொல்லும்போது மட்டும் குரல் இறங்கிவிடும். ஒன்றுமில்லாதவர்களுக்கு இங்கே மாதம் 563 யூரோ உதவித்தொகை தருகிறார்கள், வாடகை தனி. 2024இலிருந்து அந்த எண் அசையவில்லை. இப்போது அதற்கு விதிகளை இறுக்கப் போகிறார்கள். பேப்பரைத் தட்டிக் காட்டி, "டாங்கிக்குக் கடன் வாங்கலாம், கீழ்த்தளத்தில் உதவித்தொகையில் இருப்பவளுக்கு வாங்கக் கூடாதா?" என்கிறார். போலந்து எல்லைக்கு நடந்தே போகிற தூரத்தில் இருந்துகொண்டு, உக்ரைனில் நடப்பதைப் பார்த்துக்கொண்டு, டாங்கியே வேண்டாம் என்று சொல்லவும் அவருக்கு மனம் வரவில்லை. எனக்கும்தான்.

குளிர் மைனஸ் 11 வரை போனது. ஹீட்டரைக் குறைத்து வைத்தால்தான் எனக்குத் தூக்கம் வருகிறது, இரண்டு ஸ்வெட்டர் போதும். சனிக்கிழமைகளில் நெய்ஸ்ஸே ஆற்றுப் பாலத்தைத் தாண்டி போலந்துப் பக்கம் நடந்து போய் வெங்காயமும் முட்டைக்கோஸும் வாங்கி வருகிறேன். நடை உடம்புக்கு நல்லது. பொங்கலன்று பச்சரிசி கிடைக்கவில்லை. பாயசத்துக்கு விற்கிற ஒரு குண்டு அரிசி இருக்கிறது, அதில் பழுப்புச் சர்க்கரை போட்டுக் கிளறினேன். களியாகிவிட்டது. கிழவிக்கு ஒரு கிண்ணம் கொடுத்தேன். இரண்டு கரண்டி சாப்பிட்டுவிட்டு, "உங்கள் ஊரில் இது தண்டனையா, பண்டிகையா?" என்றார்.

அன்று காலை ஆறு மணிக்குச் சர்ச் மணி அடித்தபோது தூக்கக் கலக்கத்தில் ஃபாக்டரிச் சங்கு என்று நினைத்துவிட்டேன், அப்பா. குவார்ட்டர்ஸ் கொல்லையில் நீங்கள் சைக்கிள் செயினுக்கு எண்ணெய் விடுவதும், அம்மா டிபன் கேரியரின் கடைசித் தட்டை அழுத்தி மூடும் அந்தச் சத்தமும். கண்ணைத் திறந்தால் ஜன்னல் முழுக்கப் பனி. அரை மணி நேரம் எழுந்திருக்கவில்லை.

சரி, வசந்தா அக்கா மகன் கண்ணன் விஷயம். அக்கா அழுததாக எழுதியிருந்தீர்கள். பட்டாளத்தில் நாலு வருட வேலையான அக்னிவீரில் சேரட்டும், அது முடிந்தால் கையில் 11.71 லட்சம் என்பது உங்கள் கட்சி. அந்தப் பணத்தில் பாதி அவன் சம்பளத்திலேயே பிடித்தது. முதல் வருடம் மாதம் 30,000 என்றால் கைக்கு வருவது 21,000. நாலு வருடம் கழித்து நூறில் 25 பேர் வரைதான் தொடர முடியும். மற்றவர்களுக்குப் பென்ஷன் கிடையாது, கிராஜுவிட்டி கிடையாது. உங்களுக்கு மாதம் பிறந்தால் பென்ஷன் வருகிறது, அதை வைத்துத்தான் அம்மா கண் ஆபரேஷனுக்குக்கூட யாரிடமும் கை நீட்டாமல் இருந்தோம். அந்த ராணுவத் தொழிற்சாலை வேலையை மனத்தில் வைத்துக்கொண்டு இந்த ராணுவ வேலையை அளக்கிறீர்கள். உங்கள் தொழிற்சாலையையே 2021 அக்டோபரில் கம்பெனி ஆக்கினார்களே, 41 தொழிற்சாலை ஏழு கம்பெனி ஆனபோது நீங்கள் மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை என்று அம்மா சொன்னார்.

பட்டாளமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அவன் பன்னிரண்டாவதில் கணக்குப் படித்தவன். பாலிடெக்னிக்கில் நேராக இரண்டாம் ஆண்டில் சேரலாம், இரண்டே வருடம். முடிக்கும்போது இருபதுதான் ஆகும். அதற்குப் பிறகும் ஆசை இருந்தால் போகட்டும். இருபத்து நாலில் திரும்பி வந்தாலும் கையில் ஒரு டிப்ளமோ இருக்கும். இங்கேயும் இந்த வருடம் முதல் பதினெட்டு வயதுப் பையன்களுக்கு ராணுவத்தில் சேர விருப்பமா என்று கேட்டுப் படிவம் வருகிறது. கிழவியின் பேரனுக்கும் வரப்போகிறது. அவனுக்கு என்ன சொல்வது என்று அவருக்கும் தெரியவில்லை. ஃபீஸ் பற்றிக் கண்ணன் கவலைப்பட வேண்டாம், ஜூனுக்குள் அனுப்பிவிடுவேன்.

இந்த மாதம் மட்டும் பணம் கொஞ்சம் குறைவாக வரும். வங்கியில் ஏதோ மாற்றம். கொல்லைச் சுவர் விரிசலை மழைக்கு முன் பூசினால் போதும், இடித்துக் கட்ட வேண்டாம். மேஸ்திரி சொல்லும் தொகையில் மூன்றில் ஒரு பங்கைக் குறைத்தே பேசுங்கள். அம்மா கண்ணுக்கு அடுத்த செக்கப் எப்போது என்று எழுதுங்கள்.

இன்னொன்று. பன்னிரண்டாவது முடித்ததும் வரிசையில் நின்று பதிந்த என் வேலைவாய்ப்பு அலுவலக அட்டை, நீல ஃபைலில், பீரோவின் மேல்தட்டில் இருந்தது. கடைசியாக எந்த வருடம் புதுப்பித்தோம் என்று சும்மா பார்த்துச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் மகன்