காலாண்டு மடல்: விவரங்கள் அனுப்பவும், சனிக்கிழமை அமர்வு

அனைவருக்கும் வணக்கம். நம் நிறுவன வழக்கறிஞர்கள் இக்காலாண்டில் பெற்ற தீர்ப்புகளையும் பொறுப்புகளையும் மடலில் தொகுக்கவிருப்பதால், வரும் வெள்ளி மாலை 5 மணிக்குள் விவரங்களை அனுப்புமாறு கேட்டுக்கொள்கிறேன்.

1. கட்சிக்காரரின் எழுத்துப்பூர்வ ஒப்புதலின்றி அவர் பெயரைக் குறிப்பிட வேண்டாம். சென்ற முறை வந்த ஒரு படத்தில், மேசைமேல் கிடந்த கோப்பின் வழக்கு எண் தெளிவாகத் தெரிந்தது. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபின் அனுப்புங்கள்.
2. வாதிட்டவருடன், மனுவை வரைந்த ஜூனியரின் பெயரும் கட்டாயம் இடம்பெற வேண்டும்.
3. சனிக்கிழமை காலை 10 மணிக்கு, 2020 செப்டம்பர் 12 முதல் நடைமுறையிலுள்ள சிங்கப்பூர் சமரச உடன்படிக்கை குறித்து அமர்வு நடைபெறும். நடுவர் தீர்ப்புகளுக்கு 1958ஆம் ஆண்டு நியூயார்க் உடன்படிக்கை தந்த எல்லை கடந்த செயலாக்கத்தை, சர்வதேச வணிகச் சமரசத் தீர்வுகளுக்கு உறுப்பு நாடுகளில் இது அளிக்கிறது.

வருகையை நாளை இரவுக்குள் இங்கே தெரிவியுங்கள்.